படம் போகும் பக்கம்

சான்ட்ரிங்ஹாம், ஓக்லண்ட்
3 மார்ச் 1996

ராகவியின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். உங்கள் முதுகு நோ குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். குறையாவிட்டாலும் நீங்கள் எழுதப்போவதில்லை.

பொறியியலாளர் பதிவுக்கான பரீட்சை முடிவு வந்துவிட்டது. மற்றத் தாள்களில் சித்தியடைந்துவிட்டேன். பொருட்களின் வலிமைத் தாளில் தவறிவிட்டேன். நவம்பரில் இன்னொரு தரம் எழுதலாம். அதிலும் தவறினால் பிறகு விடமாட்டார்கள். எல்லர்ஸ்லி அலுவலகத்தில் என்னைப் படம் கீறுகிற வேலைக்கு வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். பதிவு கிடைத்தால் பொறியியலாளராக எடுப்போம் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் ஏப்ரலுக்குப் பிறகு இந்த வேலையும் இல்லை.

உங்களிடம் கேட்பது இரண்டு. இத்துடன் நான் செய்து பார்த்த கணக்குகள் சிலவற்றை வைத்திருக்கிறேன். திருத்தி அனுப்புங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்ற உரிமையில் கேட்கிறேன். மற்றது, கபரோனியில் உங்கள் கம்பனியில் உங்களுக்குக் கீழே நான் வேலை செய்த காலத்துக்கு ஓர் அத்தாட்சி. பதிவுச் சபை அதைக் கட்டாயம் கேட்கிறது. இதைப் போன வருஷமும் கேட்டேன்.

ராகவி பள்ளிக்கூடத்தில் நெட்போல் ஆடுகிறாள். தமிழில் ஒரு வரி எழுதச் சொன்னேன். "நெக்ஸ்ட் டைம்" என்றாள்.

செல்வநாயகி


கபரோனி
9 ஏப்ரல் 1996

அன்புள்ள செல்வநாயகிக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. நான் சுகம். முதுகைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி. கேட்ட விதத்துக்கு நன்றி இல்லை.

நீர் தவறினது எனக்குப் புதினமில்லை. நாற்பத்தெட்டு வயதில் பெடியளோடு இருந்து சோதனை எழுதுவது உமக்குப் பெருமையாக இருக்கலாம். இங்கே ஆக்கள் கேட்டால், "அவ மேற்படிப்புப் படிக்கிறா" என்று சொல்லிச் சமாளிக்கிறேன். நியூசிலாந்துக்காரனுக்கு எங்கள் பட்டம் போதாது என்றால் அந்த நாட்டுக்கு ஏன் ஓடினீர் என்று அவர்கள் கேட்கவில்லை. மரியாதைக்குக் கேட்கவில்லை.

கணக்குகளைப் பார்த்தேன். மற்றவை பரவாயில்லை. ஏழாவது முழுப் பிழை, சிவப்பால் வெட்டியிருக்கிறேன். சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கு நீர் கொங்கிறீட்டுக்குள்ளே கம்பியை மேலே போட்டிருக்கிறீர். வளைவுப் படத்தையே தலைகீழாகக் கீறியிருக்கிறீர். அந்தப் பகுதியில் வளைவுக்குக் கழித்தல் குறி. இங்கே கம்பனியில் கழித்தலைக் கோட்டுக்குக் கீழேதான் கீறுவோம். கம்பி எந்தப் பக்கம் என்பதற்கு எங்கள் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் பாடமாக்கின வரி ஒன்று இருந்தது, உமக்கு மறந்துபோய்விட்டது: "படம் போகும் பக்கம் கம்பி போகும்." படம் கீழே. கம்பியும் கீழே. இவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒரு பரீட்சை, அதற்கு ஒரு விமான ரிக்கற், ஒரு நாடு.

அத்தாட்சிக்கு இப்போது நேரமில்லை. போன வருஷம் முடித்த தளபாடக் கடையின் வாசல் கூரை கொஞ்சம் தொய்ந்துவிட்டது. மேல்பக்கத்தில் வெடிப்பும் கண்டிருக்கிறது. ஒப்பந்தகாரன் சீமெந்தில் களவெடுத்திருக்கிறான். அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளையைத் தமிழில் எழுதச் சொல்லும்.

விநாயகமூர்த்தி


சான்ட்ரிங்ஹாம்
28 ஏப்ரல் 1996

ராகவியின் அப்பாவுக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. எங்களுக்குச் சுகக்கேடு ஒன்றும் இல்லை. அங்கேயும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன்.

ஏழாவது கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் பிழை எனக்குத் தெரியவில்லை. அதனால் பக்கத்து மேசை ஜோசபினிடம் காட்டினேன். மலேசியப் பிள்ளை, இங்கே பதிவு பெற்ற பொறியியலாளர். நான் வேலைக்கிடையில் தகைப்பு, விகாரம் என்று பாடமாக்குவதைக் கேட்டு முதல் நாளே, "யாருக்கா விகாரம்?" என்று கேட்டவள். ஒரு பொருள் இழுபட்டு நீளுவதை நாங்கள் அப்படித்தான் படித்தோம் என்று சொன்னேன். "நாங்க அத ஸ்ட்ரெயின்னே சொல்லிருவோம்லா. பாவம், அது என்ன தப்பு செஞ்சிச்சு" என்றாள்.

உங்கள் சிவப்பு மையை அவள் கனநேரம் பார்த்தாள்.

"யாருக்கா திருத்துனது?"

"என்ர அவர்."

"இன்ஜினியரா?"

"ஓம்."

"எலெக்ட்ரிக்கலா?"

சிவில் என்றேன். அவள் என் விடை சரி என்று மட்டும் சொன்னாள். ராகவியும் தாளைப் பார்த்துவிட்டு, "டாட் இஸ் ரோங், ரைட்?" என்று கேட்டாள்.

ஒருவேளை நான் கீறியது உங்களுக்குத் தெளிவில்லாமல் இருந்திருக்கலாம். திரும்பக் கீறி இத்துடன் வைக்கிறேன். ஆறுதலாகப் பாருங்கள்.

அத்தாட்சியை மறக்கவேண்டாம். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன வேலை, அவ்வளவுதான். அரைப் பக்கம்.

செல்வநாயகி


கபரோனி
9 ஜூன் 1996

செல்வநாயகிக்கு,

நான் சுகமாக இருக்கிறேனா என்று நீர் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. இருக்கிறேன்.

என்னுடைய எழுத்தை எடுத்துக்கொண்டுபோய் ஒரு மலாயாக்காரியிடம் காட்டி என்னை எலெக்ட்ரிக்கல் ஆக்கியிருக்கிறீர். பிள்ளைக்கும் காட்டியிருக்கிறீர். உமக்கு வேண்டியது என் திருத்தம் இல்லை, சாட்சிக்கு ஆள்.

திரும்பக் கீறி அனுப்பினதும் அதே பிழை. நான் இந்தத் தொழிலில் நிற்பது இருபத்துமூன்று வருஷம். அந்தத் தளபாடக் கடைக்குக் கணக்கு மட்டும்தான் வெளியிலிருந்து வந்தது. போன வருஷம் மே மாதம் அதைப் பார்த்துக் கம்பிப் படம் கீறினது நான். இதே முறைதான், இதே வரிதான். கம்பனியில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அங்கே கட்டடம் கட்டுகிற ஆக்கள் அதிகம் என்றும் இங்கே நாங்கள் மணல் வீடு கட்டுகிறோம் என்றும் உம்முடைய ஜோசபின் நினைக்கிறாவோ தெரியாது.

அரைப் பக்கம் என்கிறீர். அந்த அரைப் பக்கத்துக்கு ஒப்பமிடுகிற தகுதி எனக்கு இருக்கிறதோ என்று அவவிடமே கேட்டுப்பாரும்.

வி. மூர்த்தி


சான்ட்ரிங்ஹாம்
29 ஜூன் 1996

ராகவியின் அப்பாவுக்கு,

நேற்று உங்கள் கடிதம் கிடைத்ததும் தொலைபேசியில் அழைத்தேன். "அந்தக் கூரைக்கு உடனே முட்டுக் கொடுங்கள்" என்றதும், லைன் சரியில்லை என்று வைத்துவிட்டீர்கள். திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. லைன் சரியாகத்தான் இருந்தது. அதனால் எழுதுகிறேன். சுகம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

ஒரு அழிறப்பரை எடுத்து மேசை விளிம்புக்கு வெளியே பாதி நீட்டிப் பிடியுங்கள். நுனியை விரலால் அமத்துங்கள். மேல்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் நசுங்கும். கொங்கிறீட் நசுங்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கம்பி இருக்கவேண்டியது இழுபடும் பக்கத்தில். வாசல் கூரை என்பது அந்த அழிறப்பர்தான். உங்கள் கூரையில் கம்பி கீழே கிடக்கிறது. மேல்பக்கத்தில் வெடிப்பு வந்தது சீமெந்தால் இல்லை.

பேராதனையில் இழுபடும் பக்கத்தில்தான் படத்தைக் கீறப் பழக்கினார்கள். அங்கே அந்த வரி சரி. உங்கள் கம்பனியில் படம் கீறுகிற முறை வேறு. நீங்கள் முறையை மாற்றிக்கொண்டீர்கள், வரியை மாற்றவில்லை. இவ்வளவு காலமும் பிடிபடாமல் போனதற்குக் காரணம் நீங்கள் போட்டதெல்லாம் றோட்டும் மதகும். அதற்குப் படம் பார்க்கத் தேவையில்லை, கை தானாகக் கீழே கம்பியை வைக்கும். இந்த ஒரு கூரைக்குத்தான் யோசிக்கவேண்டி வந்தது. அப்போது நீங்கள் கூரையைப் பார்க்கவில்லை, வரியைப் பார்த்தீர்கள்.

இது யாருக்கும் வரக்கூடிய பிழை. இப்போது அதைப்பற்றிக் கதைத்துப் பிரயோசனமில்லை. கடை வாசலை மூடச் சொல்லுங்கள். மரமோ இரும்போ, கிடைத்ததைக் கொண்டு முட்டுக் கொடுங்கள். அதன் கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.

செல்வநாயகி


கபரோனி
15 செப்ரெம்பர் 1996

அன்புள்ள செல்வநாயகிக்கு,

நீரும் ராகவியும் நல்ல சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் எழுதப் பிந்திவிட்டது. இங்கே வெயில் கூடிவிட்டது. முதுகு பரவாயில்லை.

பரீட்சைக்கு நல்லாய்ப் படிப்பீர் என்று தெரியும். நீர் எப்போதும் கெட்டிக்காரி. ஏழாவது கணக்கில் ஒரு கோணத்தில் பார்த்தால் உம்முடைய விடையும் சரிதான்.

அந்தக் கூரை விஷயமாகக் கம்பனியில் சின்ன விசாரணை ஒன்று நடக்கிறது. ஆளுக்காள் ஒவ்வொன்று சொல்கிறார்கள். கம்பிப் படத்தைப் பரிசோதித்தது யார் என்று கேட்கிறார்கள். நீர் இங்கே இருந்த காலத்தில் என்னுடைய படங்களைப் பார்த்துத் தருவீர்தானே. இதையும் நீர் பார்த்தீர் என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். நீர் இந்த நாட்டில் இல்லை, உம்மை ஒருவரும் ஒன்றும் செய்யமுடியாது. இங்கே நான் தனி ஆள். வருஷ முடிவில் ஒப்பந்தம் புதுப்பிக்கவேண்டும்.

அத்தாட்சியை எழுதி வைத்திருக்கிறேன். நீர் செய்த வேலையைப் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறேன், இரண்டு பக்கம். உம்முடைய வரி கிடைத்த அன்றே தபாலில் போடுவேன்.

பிள்ளைக்கு என் அன்பு.

உம்முடைய
மூர்த்தி


சான்ட்ரிங்ஹாம்
4 ஒக்ரோபர் 1996

ராகவியின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம்.

கூரை விழுந்ததை நீங்கள் எழுதவில்லை. புஷ்பவதி அக்கா எழுதியிருந்தா. உங்கள் கணக்காளரின் மனைவிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவராது என்று நினைத்தீர்கள் போலும். பெயர்ப்பலகை ஏற்றும்போது விழுந்ததாம், ஜூலைக் கடைசியில். கீழே நின்ற காவலாளிக்குக் கால் முறிந்து இன்னும் ஆஸ்பத்திரியிலாம். நான் தொலைபேசியில் சொன்னது ஜூன் மாதம்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறா. "மூர்த்தி அண்ணை உங்கட பேரைத்தான் சொல்லியிருக்கிறாராம், தங்கச்சி, மனிசிதான் படத்தைச் சரிபார்த்தவ எண்டு" என்று. அது ஓகஸ்டில். செப்ரெம்பரில் என்னிடம் அனுமதி கேட்கிறீர்கள்.

நான் அந்த நாட்டை விட்டு வந்தது 1995 ஜனவரி. நீங்கள் படம் கீறியது மே. உங்கள் கையாலேயே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அங்கே இருந்தவரை கீறப்படாத ஒரு படத்தை நான் எப்படிப் பார்த்திருப்பேன்? ஒரு கூரையை விழுத்தியவள் என்று என் பெயர் ஓர் இடத்தில் பதிவானால், இங்கே நவம்பரில் எழுதப்போகிற பரீட்சைக்கு அர்த்தமே இல்லை. அது உங்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் "உம்மை ஒன்றும் செய்யமுடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் இரண்டு பக்கம் எனக்கு வேண்டாம். பதிவுச் சபையிடம் விசாரித்தேன். கம்பனித் தலைமையிடமிருந்து நான் வேலை செய்த தேதிகளுக்கு ஓர் உறுதிக் கடிதம் வந்தால் ஏற்பார்கள். உங்கள் டிரெக்டருக்கு அதைக் கேட்டு எழுதப்போகிறேன். கூரையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இராது. தேதிகளை மட்டும் கேட்பேன். அந்தத் தேதிகளே உங்களுக்கு என்ன செய்யும் என்று உங்களுக்கு விளங்கும்.

பரீட்சை முடிந்த பிறகுதான் தபாலில் சேர்ப்பேன். அதற்கு முன் நீங்களே போய்ச் சொன்னால் அது உங்கள் வாயால் வந்ததாக இருக்கும்.

செல்வநாயகி


கபரோனி
26 ஒக்ரோபர் 1996

செல்வநாயகி,

சுகம் கேட்கிற நிலையில் நான் இல்லை.

கலியாணம் கட்டி இருபது வருஷம். புருஷனுக்கு ஒரு வரி எழுத உம்முடைய கை வரவில்லை. டிரெக்டருக்கு எழுத வருகிறது. உம்மை வேலைக்குப் போகவிட்டது யார்? என்னுடைய கம்பனியில் ஒரு மேசை வாங்கித் தந்தது யார்? என் அம்மா அப்போதே சொன்னவ, படிச்ச பெட்டை வீட்டுக்குள்ளே வந்தால் வீடு கம்பனிக் கந்தோர் ஆகிவிடும் என்று. நான் சிரித்தேன்.

தேதி, தேதி என்கிறீர். எத்தனை நாள் பின்னேரம் என்னுடைய மேசைக்கு வந்து, இது சரியில்லை, அது சரியில்லை என்று மற்ற ஆக்களுக்கு முன்னால் என்னுடைய படத்தில் பென்சில் போட்டிருக்கிறீர். அப்போது கேட்காத படத்தையெல்லாம் பார்த்தீர். இப்போது கேட்கிற படத்தைப் பார்க்கவில்லை என்கிறீர். பார்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நீர் இங்கே இருந்திருந்தால் இது நடந்திராது. அதுவும் உம்முடைய குற்றம்தான்.

நீர் அந்தக் கடிதத்தைப் போட்டால் எனக்கு இங்கே வேலை இல்லை. வேறெங்கும் இல்லை. அதை யோசித்துக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதும். ராகவிக்கு என்ன சொல்லப்போகிறீர் என்றும் யோசியும்.

மூர்த்தி


சான்ட்ரிங்ஹாம்
20 நவம்பர் 1996

ராகவியின் அப்பாவுக்கு,

பரீட்சை முடிந்தது. நேற்று உங்கள் டிரெக்டருக்கு எழுதிய கடிதத்தை எல்லர்ஸ்லித் தபால் கந்தோரில் சேர்த்தேன். நீங்கள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை என்று புஷ்பவதி அக்கா மூலம் அறிந்தேன்.

உங்கள் படங்களில் நான் பென்சில் போட்டது உண்மை. அந்தப் பென்சிலை நீங்கள் ஒருநாள் உடைத்தெறிந்ததும் உண்மை. அதற்குப் பிறகுதான் நான் நியூசிலாந்துக்கு விண்ணப்பித்தேன்.

நான் அங்கே இருந்திருந்தால் கூரை விழுந்திராது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஜூனில் நான் தொலைபேசியில் இருந்தேன்.

ராகவியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த மேன் ஓகேயா?" என்று கேட்டாள். காவலாளியை. எனக்குத் தெரியாது என்றேன். உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

செல்வநாயகி


கபரோனி
12 ஜனவரி 1997

செல்வநாயகிக்கு,

புதுவருஷம் உங்கள் இருவருக்கும் நல்லதாக அமையட்டும். எனக்கு இருமல் இருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை.

டிரெக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்விதான் கேட்டார், உம்முடைய மனைவி எப்போது நாட்டை விட்டுப் போனா என்று. உம்முடைய கடிதம் அவருடைய மேசையில் விரித்தபடி கிடந்தது. சொன்னேன். வேறு கேள்வி அவர் கேட்கவில்லை, நானும் வேறொன்றும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற எண்ணம் எனக்கும் இருக்கவில்லை. உமக்கு வேண்டிய உறுதிக் கடிதத்தில் என் இடத்துக்கு வந்த புது ஆள் ஒப்பமிட்டு அனுப்பியிருப்பார்.

உம்மோடு சேர்த்து எனக்குக் கிடைத்த நியூசிலாந்து விசா மார்ச்சில் முடிகிறது. அதற்குள் வந்து இறங்கவேண்டும். பெப்ரவரிக் கடைசியில் வருகிறேன், விமான விபரம் பின்னால் இருக்கிறது. வீட்டில் எனக்கு ஒரு மேசை போடும். அங்கே என்ன செய்யலாம் என்று வந்து பார்ப்போம். நடந்ததை விடுவோம். குடும்பம் என்றால் ஒருவரை ஒருவர் தாங்கத்தானே வேண்டும்.

பெரிய சூட்கேஸ் இரண்டு வரும். காரில் இடம் வைத்துக்கொள்ளும்.

மூர்த்தி


சான்ட்ரிங்ஹாம்
9 பெப்ரவரி 1997

ராகவியின் அப்பாவுக்கு,

இருமலுக்கு மருந்து எடுத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள். பயணம் நீளம்.

உறுதிக் கடிதம் வந்தது. தேதிகள் சரியாக இருக்கின்றன. பரீட்சையிலும் தேறிவிட்டேன். சென்ற வாரம் பதிவுச் சபையின் மூன்று பேருக்கு முன்னால் நேர்முகம். உங்கள் அனுபவத்தில் கண்ட ஒரு கட்டடப் பிழையைச் சொல்லுங்கள் என்றார்கள். கூரையைச் சொன்னேன். கீறும் முறை, வரி, கம்பி எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கினேன். பொறியியலாளர் யார் என்று அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. பிழையை அறிந்ததும் என்ன செய்யப்பட்டது என்று கேட்டார்கள். ஒன்றும் செய்யப்படவில்லை என்றேன். அந்த இடத்தில் மூவரும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். வேறெதற்கும் அவர்கள் நிறுத்தவில்லை. ஏப்ரலிலிருந்து நான் இங்கே பொறியியலாளர்.

நடந்ததை விடுவோம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கடிதம் தாண்டியும் காவலாளியைப் பற்றி ஒரு வரி இல்லை. அவருடைய பெயரை நான் புஷ்பவதி அக்காவிடம்தான் கேட்டு அறியவேண்டியிருந்தது.

கம்பியை மாறி வைத்தவரோடு நான் ஒரே வீட்டில் இருந்திருப்பேன். அது பிழை, எனக்கும் வரலாம், அதற்காகத்தான் பரீட்சை வைக்கிறார்கள். நான் சொல்லிய பிறகும் ஒரு மரத்தைக்கூட நிறுத்தாமல் அதன் கீழே ஆட்களை நடக்கவிட்டவரோடு இருக்க எனக்கு முடியாது.

விமான நிலையத்துக்கு இரண்டு பேரும் வருவோம். ராகவி தன் அப்பாவைப் பார்க்க வருகிறாள். நான் காரோட்ட வருகிறேன். மவுண்ட் ரொஸ்கிலில் ஓர் அறை பார்த்திருக்கிறேன், ஃபிஜிக் குடும்பத்தின் வீடு, தனி வாசல், பஸ் பக்கத்திலேயே நிற்கும். ஆறு வாரத்துக்கு உங்கள் பெயரில் எடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு நீங்கள் பார்த்துக்கொள்ளவேண்டும். ராகவி ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வந்து உங்களைப் பார்ப்பதாகச் சொல்கிறாள். எவ்வளவு காலத்துக்கு என்று நான் கேட்கவில்லை.

காரில் ஒரு பெரிய சூட்கேஸுக்குத்தான் இடம் இருக்கும். மற்றதைப் பிறகு எடுப்பிக்கலாம்.

செல்வநாயகி